‘லைட்டான புத்தகம்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோன எங்கள் வாசகர் வட்டத்துக்கு

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதக் கடைசி ஞாயிறு கூட்டத்தில் எனக்குப் பேசக் கிடைத்தது ஒன்றரை நிமிடம். அதிலும் பாதி, வடைத் தட்டு என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்கு வழிவிட்டதில் கழிந்தது. அதற்காக யார் மேலும் கோபம் இல்லை. ஆனால் ஒரு நாவலை இருபது நிமிடத்தில் “லைட்டான புத்தகம்தான், படிக்கலாம், படிக்காட்டியும் ஒண்ணும் இல்லை” என்று முடித்துவிட்டு, மீதி ஒன்றேகால் மணி நேரம் ஆண்டுவிழாவுக்கு யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாம் என்று பேசினோமே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. நேரில் சொன்னால் “சரிம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்பீர்கள், ஆறு வருஷமாக உங்களோடு இருப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நம்மைப் போன்ற மற்ற வட்டத்துக்காரர்கள் கண்ணில் பட்டாலும் நல்லதுதான், அங்கேயும் இதே கதைதான் என்று கேள்வி.

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்காக (படித்துவிட்டேன் என்று கையைத் தூக்கிய மூன்று பேரையும் சேர்த்துத்தான்) கதையைச் சொல்லிவிடுகிறேன். சாரா ஆடிசன் ஆலன் எழுதி 2007இல் வந்த ‘கார்டன் ஸ்பெல்ஸ்’. அவர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில்லில் பிறந்தவர், கதையும் அதே மாநிலத்தில் பாஸ்கம் என்ற கற்பனை ஊரில்தான் நடக்கிறது. அந்த ஊரில் வேவர்லி குடும்பத்தார் என்றால் கொஞ்சம் ஒரு மாதிரியானவர்கள் என்று பேர். மூத்தவள் க்ளேர், முப்பத்தி நாலு வயசு, பாட்டி விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்துகொண்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். தோட்டத்துப் பூக்களைப் போட்டு அவள் செய்வதைச் சாப்பிட்டால் மனசு மாறும். ஒரு பூவின் கிழங்கைத் தொட்டுக்கொண்டால் பழைய நினைப்பெல்லாம் மேலே வரும், ஹனிசக்கிள் பூ ஒயின் குடித்தால் இருட்டில் கண் தெரியும். தங்கை சிட்னி பத்து வருஷத்துக்கு முன்னால் ஊரைவிட்டு ஓடியவள். அடித்து நொறுக்குகிற டேவிட் என்ற ஒருவனிடமிருந்து தப்பி ஐந்து வயசு மகளோடு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி வருகிறாள். அந்தக் குழந்தையின் பெயர் பே. தமிழில் ஓர் உருபைச் சேர்த்தால் உடனே பேயாகிவிடுகிறது, அதனால் ‘குழந்தை’ என்றே எழுதிவிட்டுப் போகிறேன். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும், யார் எங்கே இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லாமலே தெரியும். எண்பதை நெருங்குகிற இவனெல் பாட்டி என்று ஒரு தூரத்துச் சொந்தம், யாருக்காவது எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளிருந்து அரிக்கும், எதற்கு என்று அவருக்கே தெரியாது, பின்னால் ஒருநாள் அது தேவைப்படும். மளிகைக்கடை நடத்தும் ஃப்ரெட்டுக்கு மாம்பழம் வெட்டும் கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார், அந்த மனுஷன் அதை வைத்துக்கொண்டு படுகிற பாடு இருக்கிறதே! அப்புறம் தோட்டத்து நடுவில் ஓர் ஆப்பிள் மரம். பிடித்தவர் பிடிக்காதவர் எல்லோர் மேலும் பழத்தை விட்டெறியும். அந்தப் பழத்தைத் தின்றால் வாழ்க்கையில் நடக்கப்போகிற ஆகப்பெரிய சம்பவம் முன்கூட்டியே கண்ணில் தெரிந்துவிடும்.

இதுதான் புத்தகம். இதில் இரண்டு காதல், ஒரு பகை, நிறையச் சாப்பாடு.

கூட்டத்தில் வந்த கருத்துகளை நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆன அண்ணன், “பூவைத் தின்னா மனசு மாறும்ங்கிறதெல்லாம் அம்புலிமாமா வயசோட போச்சு” என்றார். தமிழாசிரியர் ஐயா, “முப்பதாவது பக்கத்திலேயே யார் யாரைக் கட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்துவிட்டது” என்றார். இன்னொருவர், யார் என்று சொல்ல மாட்டேன், “லேடீஸுக்குப் பிடிக்கும்” என்றார், உடனே அறையில் இருந்த ஏழு பெண்களும் குனிந்து டீயைக் குடித்தோம். கல்லூரித் தம்பி ஒருவன் எழுந்து ஏதோ ஆரம்பித்தான், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மாயத்துக்கு வருகிறேன். அண்ணே, நாம் கூடுகிற மாடிக்குக் கீழே பிளாட்பாரத்தில் காய்கறி விற்கிற அம்மா காலையில் முதல் போணியை யார் கையில் வாங்குகிறார் என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? எதிர்க்கடைக்காரரின் மகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லியாவது வாங்கிவிட்டுப் போக வேண்டும். அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தராசில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சுருக்குப்பையில் போடுவார். கேட்டால் “அந்தப் புள்ளைக்குக் கைராசி” என்பார். உறையூரில் நான் முடி வெட்டிக்கொள்ளப் போகிற பார்லர் அக்காவுக்கும் அதே பேர்தான், அவர் கை பட்டுப் போனால் பெண் பார்க்க வருகிறவர்கள் மறுநாளே சரி சொல்லிவிடுவார்கள் என்று நம்பி வாரக் கடைசியில் தெருமுனை வரைக்கும் செருப்பு கிடக்கும். சிட்னிக்கு நாவலில் கொடுத்திருக்கும் வரம் என்ன? அவள் முடி வெட்டிவிட்டால் அன்றைய பொழுது அந்தப் பெண்ணுக்கு நல்ல பொழுதாக அமையும். இதைப் படித்தவுடன் எனக்கு அம்புலிமாமா ஞாபகம் வரவில்லை, உறையூர்தான் ஞாபகம் வந்தது. கைராசி, கைமணம், கைப்பக்குவம், நல்ல வாக்கு, கண்ணேறு என்று இதற்கெல்லாம் நம்மிடம் தனித்தனியாகச் சொல் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பாவம், மொத்தத்தையும் ‘மேஜிக்’ என்ற ஒரே டப்பாவில் போட வேண்டியிருக்கிறது.

பூ தின்பதும் அப்படித்தான். பங்குனி வந்தால் என் அம்மா மொட்டைமாடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து வேப்பம்பூவைக் காயப்போடுவாள். நாலு மூலையிலும் செங்கல், காக்காய் விரட்ட நான். சித்திரை முதல் தேதி மாங்காய்ப் பச்சடியில் கொஞ்சம் போனது போக மீதி வருஷம் முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். அப்பா ஆபீசில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வருகிற நாளில் அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள், நெய்யில் வேப்பம்பூவைக் கருக வறுத்து ரசத்தில் கொட்டுவாள், “பித்தம் தணியட்டும்” என்பாள். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அப்பா வேறு ஆளாக இருப்பார். அது பூவின் குணமா, சூடான ரசத்தின் குணமா, கேள்வி கேட்காமல் ஒருத்தி தட்டு போட்டதன் குணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாவலாசிரியரும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. க்ளேரின் சமையலை ஊரே தேடி வருகிறது, ஆனால் அவளை யாரும் தங்கள் விருந்தில் உட்காரக் கூப்பிடுவதில்லை. இந்த ஓரவஞ்சனையை இத்தனை லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறாரே, அங்கே நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பேங்க் அண்ணனை ஒரு விஷயத்தில் நான் மதிக்கிறேன். அவர் கைராசியையும் நம்ப மாட்டார், ராகுகாலமும் பார்க்க மாட்டார், மகள் கல்யாணத்தையே ஆடி மாதத்தில் வைத்தவர். அவர் வாயிலிருந்து வந்தால் அது வெறும் பேச்சு இல்லை. ஆனால் அண்ணே, போன வருஷம் மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை எடுத்தபோது மூன்று கூட்டம் பேசினோம், ரெமதியோஸ் என்ற பெண் விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே அப்படியே வானத்தில் ஏறிப் போகிற இடத்தை எழுந்து நின்று வாசித்துக் காட்டியது நீங்கள்தான். நடக்காததையும் அன்றாடம் நடப்பதுபோலவே சொல்கிற எழுத்து, மாய யதார்த்தம் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். மார்க்வெஸ் எங்கே, இந்தப் புத்தகம் எங்கே, இரண்டையும் ஒரு தராசில் வைக்கிற பைத்தியம் எனக்கு இல்லை. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: பெண் வானத்தில் பறந்தால் கேட்காத “இது நடக்குமா?” என்ற கேள்வி, பெண் அடுப்படியில் நின்று பூவை வதக்கினால் மட்டும் ஏன் முதல் ஆளாக வந்து நிற்கிறது?

தமிழாசிரியர் ஐயாவுக்கு. ஐயா, ஆப்பிள் மரம் குழந்தைத்தனமாக இருக்கிறது என்று தாங்களும் தலையாட்டினீர்கள். நற்றிணை 172ஐ எங்களுக்கு நடத்தியதே தாங்கள்தானே. சின்ன வயசில் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை புன்னையாக முளைக்கிறது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள், “இது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை” என்று அம்மா சொல்லிவைக்கிறாள், அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று காதலனிடம் சொல்கிற பாட்டு. தாங்கள் அதைச் சொல்லி முடித்தபோது நான் கண்ணைத் துடைத்தேன். வேவர்லி வீட்டு ஆப்பிள் மரமும் அப்படி ஒரு வீட்டு ஆள்தான், கொஞ்சம் வம்பு பிடித்த ஆள், வயசுக்கு வந்த பெண்கள் இருக்கிற வீட்டில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவனை எல்லாம் சீண்டுகிற தாத்தா மாதிரி. கீழே விழுந்த பழங்களை யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்று க்ளேர் பொறுக்கிப் புதைப்பதைப் படிக்கும்போது, வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதற்காக நம் அக்காமார் எதையெல்லாம் புதைத்தார்கள் என்று தோன்றவில்லையா? முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்பதும் ஒரு குறையா ஐயா? வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் திறக்குமா திறக்காதா என்று தெரியாமலா ஸ்ரீரங்கத்தில் விடிய விடியப் பனியில் நிற்கிறோம்?

இப்போது யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன்.

நமக்கு இருந்தது ஒரே பிரதி, பதினோரு கை மாறி என்னிடமே திரும்பி வந்தது. வீட்டில் உட்கார்ந்து அதை முதலிலிருந்து புரட்டினேன், கதைக்காக இல்லை, உங்களுக்காக. ஒரு பக்கத்தின் மூலையில் மஞ்சள் பூசிய கட்டைவிரல் ரேகை, அடுப்படியில் நின்றபடியே யாரோ படித்திருக்கிறார்கள், பத்துப் பதினைந்து பக்கத்துக்கு அந்த ரேகை தேய்ந்து தேய்ந்து வருகிறது. க்ளேரின் அம்மா குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிற கதை வருகிற இடத்தில் பென்சிலால் ஓரம் நெடுகக் கோடு, கோட்டின் முடிவில் பென்சில் முனை ஒடிந்திருக்கிறது. க்ளேருக்கு ஆறு வயசுவரை வீடு என்று ஒன்று கிடையாது, அம்மாவோடு ஊர் ஊராக அலைந்தவள், அதனால் தங்கை இந்த ஊரிலேயே பிறந்தவள் என்பதே அவளுக்குத் தாங்காத பொறாமை. எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் அவள் யாரையும் உள்ளேயே விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த டைலர் நெருங்கி வரும்போது அவனை விலக்குவதற்கென்றே சமைத்துக் கொடுக்கிறாள், அவனிடம் மட்டும் அது பலிக்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் யாரோ “ஐயோ” என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு “ஐயோ”. கூட்டத்தில் இந்த ஐயோ எங்கே போனது? அப்புறம், நேரவிரயம் என்று சொன்ன ஒருவர் கடைசிக்கு முந்தைய அத்தியாயம்வரை வந்து அங்கே ஒரு பஸ் டிக்கெட்டை வைத்திருக்கிறார், அதற்கடுத்த பக்கத்தில் டீக்கறை. முடிக்காமலா கறை அங்கே போயிருக்கும்?

கூட்டம் முடிந்து நாங்கள் ஐந்து பெண்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றோம். உண்மையான கூட்டம் அங்கேதான் நடந்தது. டேவிட் கடைசியில் சிட்னியைத் தேடிக்கொண்டு அந்த வீட்டுக்கே வந்துவிடுகிறான் இல்லையா. அத்தனை பக்கம் நம்மை நடுங்கவைத்தவன். ஆனால் என்ன ஆகிறது? மரம் பழத்தை எறிகிறது, அவன் கடிக்கிறான், தன் கதியை எதிரில் கண்டு அரண்டு ஓடுகிறான், அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. இதைப் படித்துவிட்டு எங்களில் ஓர் அக்கா கோபத்தில் புத்தகத்தைக் கட்டிலில் தூக்கி எறிந்தாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நான் எட்டு வருஷம் இருந்தேன் அந்த மாதிரி வீட்டுல. நமக்கு எந்த மரம் வந்துச்சு?” 2005இலேயே குடும்ப வன்முறைச் சட்டம் போட்டாகிவிட்டது, பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடலாம், எல்லாம் இருக்கிறது, ஆனால் அந்த அக்கா வெளியே வந்தது ஒரு ஷேர் ஆட்டோக்காரர் காசு வாங்காமல் கொண்டுபோய் அவர் அம்மா வீட்டில் இறக்கிவிட்டதால்தான். மாயம்போட்டு அவனைத் துரத்தியது தன்னை ஏமாற்றியதுபோல் இருந்தது என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், அவருக்கு அறுபது வயசு இருக்கும், கூட்டத்தில் வாயே திறக்காதவர், மெதுவாக, “படிக்கிறப்பவாச்சும் ஒரு மரம் வரட்டுமே. கோர்ட்டு கேஸுன்னு எழுதினா எனக்குத் தூக்கம் வராது” என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலாமவர், அப்படித் தூங்கித் தூங்கித்தான் நாம் இப்படி இருக்கிறோம் என்றார். இரண்டாமவர், தூங்கினால்தானே மறுநாள் எழுந்து ஓட முடியும் என்றார். இரண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டோம்.

எனக்கு முதல் அக்கா பக்கம்தான் நியாயம் தெரிகிறது. சிட்னியின் பயத்தை ஆசிரியர் நன்றாக எழுதியிருக்கிறார். அவன் பூசுகிற சென்ட்டின் வாசனை எங்கிருந்தோ வந்தாலே அவள் உடம்பு விறைத்துப் போகிறது. அப்படி எழுதத் தெரிந்தவருக்கு அதற்கு ஈடான முடிவை எழுதத் தெரியாமலா போயிருக்கும்? பூவும் சமையலும் மனசில் ஏற்கெனவே இருப்பதைக் கொஞ்சம் நகர்த்துகிற மாயம், அது நம்பும்படி இருக்கிறது. கையில் துப்பாக்கியோடு வருகிறவனைத் துரத்துகிற மாயம் வேறு ரகம், அது ஆசிரியர் தன் வேலையை மரத்திடம் விட்டுவிட்டுப் போன இடம். டைலரும் அப்படித்தான், நல்லவன், ஓவிய வாத்தியார், பொறுமைசாலி, அவ்வளவுதான், அவனுக்கு ஒரு பல்வலிகூட வந்ததாகத் தெரியவில்லை. சிட்னியை விரும்புகிற பால்பண்ணை ஹென்றியாவது பரவாயில்லை, அந்தக் குடும்பத்து ஆண்கள் பிறக்கும்போதே கிழவர்கள் என்று ஒரு வேடிக்கை இருக்கிறது.

இப்போது கல்லூரித் தம்பி. அவன் சொல்ல வந்தது என்ன என்று வெளியே வந்தபிறகுதான் கேட்டேன். வட கரோலினாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். இந்த ஊரில் பணக்காரக் குடும்பம் இருக்கிறது, பால்பண்ணை இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, எல்லோர் வீட்டு வம்சக் கதையும் வருகிறது, ஆனால் கதையை நகர்த்துகிற இடத்தில் ஒரு கறுப்பர் இருந்ததாக அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. அவன் இன்னொன்றும் சொன்னான். இதே மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகரத்தில் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தார்கள், வெள்ளையருக்கு மட்டும்தான் என்று கடைக்காரர்கள் பரிமாற மறுத்தார்கள், கடை மூடும்வரை அந்த மாணவர்கள் எழுந்திருக்கவில்லை, மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். “யாருக்குப் பரிமாறுவோம் யாருக்கு மாட்டோம்கிற சண்டை நடந்த மண்ணுல, சாப்பாடு ஊரையே ஒண்ணாக்குதுன்னு கதை எழுதுறப்ப அந்த ஞாபகம் ஒரு வரியிலகூட வரலியேக்கா” என்றான். இரட்டைக் குவளை பார்த்த ஊரிலிருந்து படிக்க வருகிற பையன் அவன், அவனுக்கு இது புத்தகத்துக்கு வெளியே இருக்கிற விஷயம் இல்லை.

இதைத்தான் கூட்டத்தில் அவன் ஆரம்பித்தான். தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, லைட்டான புத்தகத்துக்கு இவ்வளவு எதுக்கு?” என்று சிரித்தார், நாமும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இந்த மடலை எழுதவைத்தது. லைட் என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டால் “ஐயோ” என்று எழுதியவர் அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார், கட்டிலில் எறிந்தவர் எதற்கு எறிந்தேன் என்று சொல்ல வாய்ப்பில்லை, தம்பியின் கேள்விக்கு நேரமில்லை. பிடித்தவர்களும் பேசவில்லை, பிடிக்காதவர்களும் பேசவில்லை, நாலு பேர் அட்டையைப் பார்த்துப் பேசினார்கள்.

பஸ் ஸ்டாண்ட் கடைகளில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவள் நான், காலாண்டுத் தேர்வுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து அடி வாங்கியவள். அன்றைக்கும் வீட்டில் இதையேதான் சொன்னார்கள், பொழுதுபோகாதவர்கள் படிக்கிறது என்று. என் அத்தைக்குப் பொழுதே கிடையாது, காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்தரைக்குப் படுப்பாள், அந்தப் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் அவள் மாதம் நாலு நாவல் படித்தாள். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ‘சுமார்’, ‘நன்று’, ‘கதாநாயகன் சரியில்லை’, ‘இவளுக்கு இன்னும் புத்தி வந்திருக்க வேண்டும்’ என்று எழுதிவைப்பாள். நான் பார்த்த முதல் விமர்சகர் அவள்தான், அவளை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

சரி, புலம்பல் போதும், என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அடுத்த கூட்டத்தில் இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு மணி நேரம் வேண்டும், ஆண்டுவிழா பேச்சு அதற்கப்புறம். முதலில் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பேசாதவர்களாக இருக்கட்டும், பேங்க் அண்ணனும் ஐயாவும் கடைசியில் பேசட்டும், அவர்களுக்கு நேரம் குறையாது, நான் பொறுப்பு. டேவிட் விஷயத்தில் அந்த இரண்டு அக்காக்களின் சண்டையை எல்லோர் முன்னாலும் நடத்தச் சம்மதம் வாங்கியிருக்கிறேன், தன் சொந்தக் கதையைச் சொல்லமாட்டேன், புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவேன் என்று முதல் அக்கா சொல்லியிருக்கிறார், யாரும் கிளறக் கூடாது. தம்பிக்குப் பத்து நிமிடம் முழுசாக. இதே குடும்பத்தை வைத்து 2015இல் வந்த அடுத்த நாவல் ஒன்று இருக்கிறது, அதில் அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயசு. அதை எடுக்கலாமா வேண்டாமா என்பதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம், எனக்கு அதில் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் அடுத்த வருஷப் பட்டியல் போடும்போது ‘கனமான புத்தகங்களுக்கு நடுவில் மூச்சு விடுவதற்கு’ என்று தலைப்புப் போட்டு ஒரு காதல் நாவலைச் செருகுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எடுத்தால் ஒழுங்காக எடுப்போம், இல்லாவிட்டால் வேண்டாம்.

அன்றைக்கு வடை என் முறை. வீட்டில் வாழைப்பூ வாங்கி வைத்திருக்கிறேன், வாழைப்பூ வடைதான் வரும், தின்றுவிட்டு யாருக்காவது மனசு மாறினால் நான் பொறுப்பில்லை.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பஸ் டிக்கெட்டை எடுக்காமல் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாருடையது என்று எனக்குத் தெரியும், டிக்கெட்டில் ஏறிய இடமும் இறங்கிய இடமும் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரம் உட்காருகிறவள்